பூச்சிக் கலெக்டரும் மூன்று முருகேசன்களும்

பொது சுகாதாரத் துறையில் ‘இன்செக்ட் கலெக்டர்’ என்று ஒரு வேலை உண்டு. பூச்சி பிடிக்கிற வேலை. 1979-இல் நான் அதில் சேர்ந்தபோது, கண்டாச்சிபுரத்தில் எங்கள் அம்மா தெருவெல்லாம் “எம் மவன் கலெக்டரு ஆயிட்டான்” என்று சொல்லி வைத்தார். யாராவது விவரமாகக் கேட்டால் மட்டும் “பூச்சிக் கலெக்டரு” என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார். 2015-இல் நான் ஓய்வு பெறுவதற்குள் என் பதவியின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது. ஊரில் மட்டும் இன்றைக்கும் நான் பூச்சிக் கலெக்டர்தான்.

பொழுது சாய்ந்ததும் டார்ச் லைட்டும் கண்ணாடிக் குழாயுமாக மாட்டுக்கொட்டகைக்குள் நுழைவோம். குழாயின் ஒரு முனையில் ரப்பர் டியூப், இடையில் ஒரு துண்டு வலைத்துணி. சுவரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கொசுவின் அருகே குழாயை வைத்து வாயால் ஒரு இழுப்பு. கொசு குழாய்க்குள், அதோடு கொட்டகை வாசனையும் தூசியும் நம் நெஞ்சுக்குள். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தான் என்பதுதான் கணக்கு. மறுநாள் காலையில் லென்ஸ் வைத்து இறக்கையில் உள்ள புள்ளி, வாய்க்குழலை ஒட்டி நிற்கும் தண்டுகளில் உள்ள வெள்ளை வளையம், காலில் உள்ள பட்டை எல்லாம் பார்த்து, இது இன்ன கொசு என்று நோட்டில் எழுதுவோம்.

எங்கள் பக்கத்தில் அதிகம் கிடைத்தது அனாபெலஸ் சப்பிக்டஸ். வயல் தண்ணீரிலும் குட்டையிலும் பிறந்து கொட்டகை கொட்டகையாக நிறைந்திருக்கும். இன்னொன்று அனாபெலஸ் கியூலிசிஃபேசிஸ். கிணற்றிலும், கல் வெட்டிய பள்ளத்திலும், ஆற்று மணலில் தேங்கும் தண்ணீரிலும் வளர்வது. எங்களுக்குக் கொடுத்த பாடம் எளிமையானது. கிராமத்து மலேரியாவுக்குக் காரணம் இரண்டாவது ஆள். முதல் ஆள் வெறும் கூட்டம், கண்டுகொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பாடம் எங்கே உடைந்தது என்று சொல்வதற்கு முன்னால் முருகேசன்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காய்ச்சல்காரர்களின் ரத்தம் எடுத்த பதிவேட்டில் ‘கோவிந்தசாமி மகன் முருகேசன்’ என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரின் ஸ்லைடில் மலேரியா கிருமி இருந்தது. மாத்திரையோடு போன மலேரியா ஒர்க்கர் யார் வாசலில் நிற்பது? பேர் ஒன்று, அப்பா பேர் ஒன்று, ஏறக்குறைய வயதும் ஒன்று. கடைசியில் தபால்காரர்தான் ‘கெணத்தடி முருகேசன், லாரி முருகேசன், ஊமைச்சி பேரன் முருகேசன்’ என்று பிரித்துக் கொடுத்தார். கிருமி இருந்தது லாரிக்காரருக்கு. அவர் அப்போது ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். மாத்திரை கிணற்றடிக்குப் போயிருந்தால், பதிவேட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்திருக்கும். காய்ச்சல் மட்டும் லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

கொசுவிலும் இப்படி ஒரே பேரில், ஒரே முகத்தில் பல இனங்கள் உண்டு. தங்களுக்குள் கலக்காது. ஆனால் லென்ஸில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மறைந்த இனங்கள் என்கிறார்கள். உடன்பிறப்பு இனங்கள் என்றும் சொல்வார்கள்.

1981-இல் மரக்காணத்துக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்துக்கு எங்களை அனுப்பினார்கள். அப்போது இதெல்லாம் தென்னாற்காடு மாவட்டம். குப்பத்தில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். சின்னப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டால் இடது பக்கம் கெட்டியாக இருக்கும். காய்ச்சல் கட்டி என்பார்கள். மண்ணீரல் வீங்கியது அது. இரண்டு நாள் கொசு பிடித்தோம். கியூலிசிஃபேசிஸ் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பிடித்ததெல்லாம் சப்பிக்டஸ்.

ஒரு அம்மா, முந்தின வருஷம் காய்ச்சலில் ஒரு பெண்பிள்ளையைப் பறிகொடுத்தவர், குழாயில் இருந்த கொசுவை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏந் தம்பி, ஒங்க ஊர்லயும் இதே கொசுதான இருக்குதுன்ற? அங்க புள்ளைங்க நல்லாதான இருக்குது?”

என்னிடம் பதில் இல்லை. கேள்வியை மட்டும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கண்டாச்சிபுரத்தில் அதைவிடப் பத்து மடங்கு சப்பிக்டஸ் பிடித்திருக்கிறேன். அங்கே மலேரியா அபூர்வம். திரும்பி வந்து அறிக்கை கொடுத்தபோது மேலே இருந்த ஒருவர், “சப்பிக்டஸ் மலேரியா பரப்பாது, வேற கொசுவ நீங்க பிடிக்கல” என்று சிவப்பு மையில் எழுதினார். அந்த ஆண்டிலேயே, தென்கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் சப்பிக்டஸ்தான் மலேரியாவைப் பரப்புகிறது என்று பணிக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் கட்டுரை எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. சிவப்பு மை பேனாக்காரருக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் முட்டையில் இருந்தது. அனாபெலஸ் கொசுவின் முட்டை படகு மாதிரி இருக்கும். தண்ணீரில் மிதக்க இரண்டு பக்கமும் காற்றுப் பை உண்டு. அந்தப் பையில் வரிவரியாக மேடு இருக்கும். 1983-இல் ரேச்சல் ரூபனும் சுகுணாவும் சப்பிக்டஸுக்குள் ஒளிந்திருந்த இனங்களை இந்த மாதிரி அடையாளங்களால் பிரித்துக் காட்டினார்கள். 1994-இல் சுகுணாவும் அவருடைய சகாக்களும் குரோமோசோமையும் சேர்த்துப் பார்த்து, சப்பிக்டஸ் என்பது ஏ, பி, சி, டி என்று நான்கு இனம் என்று எழுதினார்கள். ஏ இனத்தின் முட்டையில் 31 முதல் 36 வரி. பி இனத்தில் 16 முதல் 20 வரைதான். பி இனம் கடலோர உப்புத் தண்ணீரில் வளர்வது. எங்கள் ஊர் வயலில் பிறந்தது வேறு, மரக்காணத்து உப்பங்கழியில் பிறந்தது வேறு.

புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தபோது நானும் மைக்ராஸ்கோப்பில் வரி எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு வரை வந்ததும் கண் தண்ணீர் விட்டது. பக்கத்தில் இருந்தவர் பத்தொன்பது என்றார். இருவரும் மறுபடி எண்ணினோம்.

முட்டையை எண்ணும் இந்த வேலையை முதலில் தொடங்கியவர் எங்கள் ஜாதிக்காரர். அதாவது ஒரு ரிட்டயர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர். இத்தாலியில் டொமெனிகோ ஃபல்லெரோனி என்று ஒருவர். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஒரு புதிர் இருந்தது. சில ஊர்களில் அனாபெலஸ் கொசு மேகம்போல் இருக்கும், மலேரியா இருக்காது. சில ஊர்களில் அதே கொசு, மலேரியாவில் ஊரே காலி. ஃபல்லெரோனி கொசுக்களை வீட்டில் வளர்த்து முட்டையின் நிறத்தையும் கோலத்தையும் பார்த்தார். ஒரு தாய் போடும் முட்டையெல்லாம் ஒரே கோலம், வேறு தாயுடையது வேறு கோலம். 1926-இல் அதைக் கட்டுரையாக எழுதி, இரண்டு வகைகளுக்குத் தனக்குத் தெரிந்த சுகாதாரத் துறைக்காரர்கள் இருவரின் பேரை வைத்தார். லாப்ராங்கியே, மெசியே என்று அந்தப் பேர்கள் இன்றும் இருக்கின்றன. சில வருஷம் கழித்து மற்றவர்கள் அவர் விட்ட இடத்தில் தொடங்கிப் பார்த்தபோது, லாப்ராங்கியே மனிதரைக் கடிப்பது, மெசியே பெரும்பாலும் மாட்டை நாடுவது என்று தெரிந்தது. கிருமி கொசுவின் உடம்பில் முதிரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த நாளெல்லாம் கழிந்து இன்னொரு மனிதரையும் கடித்தால்தான் நோய் பரவும். மாடு மாடாகக் கடித்துச் சாகும் கொசுவால் நமக்குத் தொல்லை இல்லை. (எங்கள் துறையில் பென்ஷன் வந்ததும் நாங்கள் செய்வது பெரும்பாலும் டி.ஏ. கணக்குப் பார்ப்பது. ஃபல்லெரோனி முட்டை பார்த்தார். மனுஷர் பெரியவர்.)

இனி கியூலிசிஃபேசிஸ். வில்லன் என்று சொன்னேனே, அவருக்கும் முகம் ஒன்றுதான், ஆள் ஐந்து. 1980-இல் கிரீன், மைல்ஸ் என்ற இருவர் குரோமோசோம் பார்த்து ஏ, பி என்று இரண்டைப் பிரித்தார்கள். பிறகு தில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவ் தலைமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த வேலையில் பட்டியல் வளர்ந்தது. ஏ இனம் மலேரியாவைப் பரப்பும். பி இனம் வட இந்தியாவில் பரப்புவதில்லை என்றே சொல்லலாம். ஏ இனம் டிடிடிக்குச் சீக்கிரம் சாகும், பி தாங்கும் என்றும் கண்டார்கள். இதன் அர்த்தம் களத்தில் வேலை செய்தவனுக்குத்தான் உறைக்கும். டிடிடி அடித்த மறுவாரம் சுவரில் கொசு உட்கார்ந்திருந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று நாங்கள் எழுதுவோம். உட்கார்ந்திருப்பது பி என்றால் நோய் பரப்புகிறவன் ஏற்கெனவே செத்துப் போயிருக்கிறான். இரண்டையும் ஒரே பேரில் எண்ணினால் அது எப்படித் தெரியும்? 1965-இல் நாட்டில் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா, 1976-இல் அறுபத்து நான்கு லட்சத்தைத் தாண்டியது. அந்த வேகத்தில் நடந்த தெளிப்புகளில் எத்தனை டின் மருந்து அப்பாவிக் கொசுக்களின் மேல் போயிற்றோ.

அடுத்தது ராமேஸ்வரம். எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவரும் ராமநாதீஸ்வரர்தான், அதனால் அந்தத் தீவின் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு. அங்கே மலேரியா விடாமல் இருந்தது. பரப்புவது கியூலிசிஃபேசிஸ். சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டிய குழிகளில்கூட வளரும். ஆனால் குரோமோசோமைப் பார்த்தால் பி இனம். வடக்கே சாதுவாக இருக்கும் பி, இங்கே மட்டும் எப்படிப் பிள்ளைகளைக் காய்ச்சலில் தள்ளுகிறது?

விடை ஒய் குரோமோசோமில் இருந்தது. அது ஆணுக்கு மட்டும் உள்ளது. கடிப்பதோ பெண். ஆகவே, பிடித்த பெண் கொசுவை உயிரோடு வைத்திருந்து, முட்டையிட வைத்து, புழுவை வளர்த்து, அதில் ஆண் புழுவைப் பிரித்து, அதன் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துத் தாய் யார் என்று சொல்வது. அப்படிப் பார்த்ததில் ஒய் இரண்டு வடிவம். ஒரு வடிவம் உண்மையான பி. இன்னொரு வடிவத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய்களிடம்தான் கிருமி இருந்தது. அது தனி இனம் என்று 1999-இல் எழுதி ‘இ’ என்று பேர் வைத்தார்கள். எத்தனை தாய்கள் முட்டையிடாமலே செத்திருக்கும், எத்தனை குவளைப் புழு வீணாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. கொசு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது கோழி வளர்ப்பதைவிடக் கஷ்டம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இலங்கையில் 1934-35 மலேரியாவில் சுமார் எண்பதாயிரம் பேர் செத்தார்கள். பரப்பியது கியூலிசிஃபேசிஸ். ஆனால் 1990-களில் குரோமோசோம் பார்த்தபோது அங்கே இருப்பது பி மட்டும் என்று வந்தது. பரப்பாத இனம் எண்பதாயிரம் பேரைக் கொன்றதா? பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான நோபிள் சுரேந்திரன் உள்ளிட்ட குழு, 2000-இல் அதே ஒய் குரோமோசோமைப் பார்த்து, இலங்கையிலும் பி, இ இரண்டும் உண்டு என்று காட்டியது.

இப்போது கொசுவை வளர்க்க வேண்டாம். ஒரு கால் போதும். செத்துக் காய்ந்த கொசுவின் ஒரு கால்.

எனக்கு ஒரு இளைஞர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். டிஎன்ஏ என்பது நான்கு எழுத்தில் எழுதிய நீண்ட பத்திரம். அதில் ஜீன்கள் பட்டா நிலம் மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம், அதனால் அவ்வளவு சுலபத்தில் மாறாது. இரண்டு ஜீனுக்கு நடுவே கிடக்கும் பகுதி புறம்போக்கு. அங்கே மாறினால் கேட்க ஆள் இல்லை. இரண்டு இனம் பிரிந்து வெகு காலம் ஆகியிருந்தால் புறம்போக்கில் எழுத்துகள் வேறுவேறாக மாறிக் கிடக்கும். ஐடிஎஸ்-2 என்று அவர்கள் சொல்வது அப்படி ஒரு புறம்போக்கு. பிசிஆர் என்பது அந்த ஒரு துண்டை மட்டும் லட்சக்கணக்கில் ஜெராக்ஸ் எடுக்கும் மிஷின். எடுத்ததை ஜெல்லில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் துண்டின் நீளத்துக்குத் தகுந்தபடி கோடு விழும். இந்த இடத்தில் கோடு விழுந்தால் இவர், அந்த இடத்தில் விழுந்தால் அவர். கியூலிசிஃபேசிஸுக்கு முதலில் ஒரு சோதனையில் ஏ-டி ஒரு பக்கம், பி-சி-இ ஒரு பக்கம் என்றுதான் பிரிந்தது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு ஜீனை வைத்து ஐந்தையும் பிரிக்கும் முறையை 2006-இல் தில்லிக்காரர்கள் வெளியிட்டார்கள். தபால்காரர் செய்த வேலைதான்.

அந்தக் குப்பத்து அம்மாவின் கேள்விக்கு மீதிப் பதிலும் இந்தக் காலில்தான் வந்தது. 2010-இல் சுரேந்திரன் குழு, இலங்கைக் கரையோரத்தில் பிடித்த கொசுக்களின் ஐடிஎஸ்-2-ஐப் படித்தது. பார்வைக்கு சப்பிக்டஸ் பி. எழுத்தைப் படித்தால் அனாபெலஸ் சுண்டைகஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. சுண்டைகஸ் வங்காளக் கரையிலும் அந்தமானிலும் பேர்போன மலேரியாக் கொசு, உப்புத் தண்ணீர்க்காரன். அதற்குக் காலில் புள்ளி இருக்க வேண்டும், சப்பிக்டஸுக்கு இருக்காது என்பதுதான் நாங்கள் படித்த அடையாளம். புள்ளி இல்லாத காலோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் எந்த லென்ஸ் அவனைப் பிடிக்கும்? அந்தக் கட்டுரையைப் படித்த அன்று பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கரையான் அரித்தது போக அந்தப் பக்கம் இருந்தது. அந்த அம்மா இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.

என் பேத்தி புதுச்சேரியில் விலங்கியல் படிக்கிறாள். அவளுக்குக் கொசு பிடிக்காது. எங்கள் கொல்லை முருங்கைப் பூவில், தேனீ மாதிரி மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு இறக்கை அசைவதே தெரியாமல் அந்தரத்தில் நிற்குமே ஒரு ஈ, அதன் மேல்தான் அவளுக்குக் காதல். அதிலும் இதே சங்கதி என்கிறாள். செர்பியாவில் நோவி சாத் பல்கலைக்கழகத்தினர், வெங்காயம் மாதிரி கிழங்கு விடும் பூச்செடிகளில் வளரும் மெரோடான் என்ற ஈக்களில், ஒரே இனம் என்று நினைத்தவற்றை டிஎன்ஏ பார்த்துப் பல இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். “அதுங்க யாரையும் கடிக்காது தாத்தா, பூவுக்கு மகரந்தம் சேர்க்கும்” என்றாள். கடிக்காத ஈக்கு எதற்கு இவ்வளவு பாடு என்றேன். எந்த இனம் அழிகிறது என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் எத்தனை இனம் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். சரிதான். பத்து முருகேசனில் ஒன்பது பேர் ஊரை விட்டுப் போனாலும், பதிவேட்டில் ‘முருகேசன் இருக்கிறார்’ என்றே இருக்கும்.

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் ஒரு புதுக் கொசு கிடைத்தது. அனாபெலஸ் ஸ்டீபன்சி. நம்மூர் நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்புவது. டிஎன்ஏ எழுத்தைப் படித்துத்தான் ஸ்டீபன்சி என்று உறுதி செய்தார்கள். ஸ்டீபன்சிக்குள்ளும் மூன்று வகை, அதையும் முட்டையின் வரியை எண்ணித்தான் பிரிக்கிறார்கள் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் உடனே எங்கள் மாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் படுத்திருக்கும் புழு நாலைந்து இருப்பதாகச் சொன்னாள். அப்படிப் படுத்திருந்தால் அனாபெலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு ஜாதி.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொசுவலை கட்டி ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். கூட்டுப்புழு ஆகிவிட்டது, நாளைக்கு இறக்கை முளைத்து வரும். வீட்டுக்காரம்மா, முதலில் தொட்டிக்கு மூடி வாங்கிக்கொண்டு வந்து அப்புறம் ஆராய்ச்சி பண்ணுங்கள் என்கிறார். சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும்.